மாஞ்சருகைக் கொளுத்தாதீர்கள், கத்தரிக்குப் போடுங்கள்

வைகாசி பிறந்து தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்பிவிட்டால் எங்கள் வளவில் காலையில் ஒரே வேலைதான், கூட்டுவது. ஐந்தரைக்கு ஈர்க்கு விளக்குமாற்றை எடுத்தால் ஆறரைக்கு முற்றம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், எட்டு மணிக்கு வந்து பார்க்கிறவன் இந்த வீட்டில் ஒருவரும் கூட்டுவதே இல்லைப்போல என்று நினைத்துக்கொண்டு போவான். இரண்டு மா, ஒரு பலா, வேலியோரம் வேம்பு, படலையடியில் ஒரு வாதுமை. பெரிய மா 1978 சூறாவளிக்குப் பிறகு அம்மம்மா வைத்தது, காற்று நாட்களில் அது ஒன்றே ஒரு சாக்கு சருகு தரும். வருஷக்கணக்காக நாங்களும் எல்லாரையும் போல மூலையில் குவித்துப் பின்னேரம் நெருப்பு வைத்தோம். புகைக்கு நுளம்பு ஓடும் என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. பிறகு கடைக்குப் போய்ப் பசளை வாங்கி வந்து மணலில் கொட்டிவிட்டு, கத்தரி ஏன் வாடுகிறது என்று ஆளை ஆள் கேட்டோம்.

எனக்குப் புத்தி வந்தது 2021 இல். அந்த வருஷம் மே மாதம் இலங்கை அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது, நவம்பரில் தடையை எடுத்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு யூரியா விற்ற விலையை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்போதுதான் மூலையில் எரிந்துகொண்டிருந்த குவியலைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன்.

இணையத்தில் தேடினால் வருவதெல்லாம் குளிர்நாட்டு முறை. அங்கே ஐப்பசி கார்த்திகையில் மேப்பிள், ஓக் மரங்கள் ஒரேயடியாக இலையைக் கொட்டும், அதன் மேல் புல்லு வெட்டும் மெஷினை ஓட்டித் தூளாக்கிப் பாத்திக்குப் போடுவார்கள், மிச்சத்தைக் கம்பி வலைக் கூட்டில் ஒரு வருஷம் இரண்டு வருஷம் விட்டு மக்க வைத்து எடுப்பார்கள். நல்ல முறைதான். ஆனால் அங்கே மரம் இலையைக் கழற்றுவது குளிருக்கும் வெளிச்சக் குறைவுக்கும், இலை விழுந்த கையோடு மழையும் பனியும் வந்து அதை நனைத்து வைக்கும். இங்கே மரம் கழற்றுவது தண்ணீர் பஞ்சத்துக்கு, இலை விழுந்த பிறகுதான் வெயிலே தொடங்கும். அவர்கள் செய்வதை அப்படியே பார்த்துச் செய்தால் இங்கே பிழை போகும். நானே அப்படிச் செய்து கெடுத்திருக்கிறேன், கீழே சொல்கிறேன்.

இப்படிச் சருகால் பாத்தி மண்ணை மூடி வைப்பதற்குப் பள்ளிக்கூட விவசாயப் புத்தகத்தில் பத்திரக் கலவை என்று பெயர், இந்தியப் பக்கம் மூடாக்கு என்பார்கள். நான் மூடாக்கு என்றே எழுதுகிறேன், சொல்வதற்கு லேசு.

முதலில் எங்கள் மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, அங்கால் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று எங்கள் கிழக்குக் கடலோரம் முழுக்க மணல். இந்த மண்ணுக்கு எவ்வளவு ஊற்றினாலும் ஓட்டைப் பானைதான், காலையில் ஊற்றிய தண்ணீர் பாதி கீழே இறங்கிவிடும், மற்றப் பாதியை பத்து மணிக்குள் வெயிலும் காற்றும் குடித்துவிடும். ஆற்றங்கரையோரம் இருக்கிறவர்களுக்கு இன்னொரு தலையிடியும் உண்டு, ஆவணி புரட்டாசியில் கிணறு சவர் அடிக்கும், அந்தத் தண்ணீரை ஊற்ற ஊற்ற, தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே தங்கும், பாத்தி ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே மூடி வைத்தால் ஆவியாவது குறையும், ஊற்றுவதும் குறையும், ஆகவே உப்பு ஏறுவதும் குறையும். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் களிமண் உள்ளவர்களுக்கு இந்த அவசரம் இல்லை, அவர்களுக்கு மூடாக்கு வேறு விதமாக உதவும், மண் வெடிக்காமல் இருக்கும்.

சரி, சருகு பொறுக்குவோம். எல்லா இலையும் ஒன்றில்லை. வேப்பிலை சின்னது, சீக்கிரம் மக்கும், பாத்திக்கு முதல்தரம், தை மாசியில் கொட்டும்போது விடாதீர்கள். பூவரசு, முருங்கை, வேலிக் கதியாலில் நிற்கும் கிளிசெறியா எல்லாம் நல்லது. மா, பலா, மரமுந்திரிகை இலைகள் தடிப்பு, தோல் மாதிரி, மெதுவாகத்தான் மக்கும், அதனாலேயே மூடாக்குக்கு நின்று பிடிக்கும். வாதுமைதான் எங்கள் ஊரில் குளிர்நாட்டு மரம் மாதிரி வேஷம் போடுகிற ஒரே மரம், வருஷத்தில் ஒருதரம் இரண்டுதரம் இலை முழுக்கச் சிவந்து மொத்தமாகக் கொட்டும், ஒரு இலை ஒரு பீங்கான் அளவு. அதை நொறுக்காமல் போடவே கூடாது. யூக்கலிப்டஸ் இலை வேண்டாம், அதன் சாறு நாற்றை வளரவிடாது. குருக்கன் நோய் விழுந்து சுருண்ட மிளகாய் இலை, புள்ளி விழுந்த கத்தரி இலை, இதையெல்லாம் மட்டும் எரியுங்கள், அதற்கு நான் தடை சொல்லமாட்டேன்.

ரோட்டோரம் கூட்டிய குவியலை எடுத்தால் அப்படியே தட்டாதீர்கள். ஒரு தடவை நான் வாசலோரச் சருகு நாலு சாக்கு கொண்டுவந்து பாத்தியில் போட்டேன், மழை பெய்த பிறகு பார்த்தால் கத்தரிக்கு நடுவில் லஞ்ச் சீற், டொபி உறை, பனடோல் கார்ட், ஒரு ஐஸ்கிரீம் கோப்பை நிறையத் தண்ணீர், அதற்குள் நுளம்புக் குஞ்சு நெளிகிறது. டெங்கு காலத்தில் இது விளையாட்டில்லை. ஒரு தறப்பாளில் கொட்டி, பரப்பி, பொறுக்கிவிட்டுத்தான் பாத்திக்கு.

அடுத்தது நொறுக்குவது. ஆட்கள் சோம்பல்படும் இடம் இதுதான், முழு வேலையும் தங்கி நிற்பதும் இதில்தான். என் முதல் வருஷக் கதையைக் கேளுங்கள். ஆனி மாதம், காய்ந்த பாத்தி, மாஞ்சருகை முழுசு முழுசாக அரை அடிக்குப் பரப்பிவிட்டுப் பெரிய வேலை செய்த மாதிரி கையைக் கழுவினேன். இரண்டு நாள் கழித்து நல்ல மழை ஒன்று அடித்தது, சந்தோஷப்பட்டேன். ஒரு கிழமைக்குப் பிறகு கத்தரி துவண்டு நிற்கிறது என்று சருகை விலக்கிப் பார்த்தால் கீழே மண் மாவு மாதிரி, விரலை விட்டால் ஒட்டவில்லை. மாவிலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை ஓடு மாதிரிப் படுத்துக் கிடந்தன, விழுந்த மழை முழுக்க வழுக்கிக்கொண்டு வாய்க்காலுக்குப் போய்விட்டது. காய்ந்த மண்ணை மூடினால் அது காய்ந்தபடிதான் இருக்கும், முழு இலையால் மூடினால் மழை வந்தும் பிரயோசனமில்லை. இரண்டு பிழையையும் ஒரே நாளில் செய்திருக்கிறேன்.

நொறுக்க மெஷின் தேவையில்லை. மத்தியானம் பன்னிரண்டு ஒரு மணிக்குச் சருகு அப்பளம் மாதிரி இருக்கும், அந்த நேரம் பார்த்து பசளைச் சாக்கில் அரைவாசிக்கு நிரப்பி வாயைக் கட்டி, நிலத்தில் போட்டு மிதியுங்கள், அல்லது உலக்கைக் கட்டையால் அடியுங்கள். பிள்ளைகள் இருந்தால் அவர்களிடம் கொடுத்துவிடலாம், சாக்கின் மேல் குதிக்கச் சொன்னால் மாட்டேன் என்று சொல்கிற பிள்ளையை நான் இன்னும் காணவில்லை. காலையில் பனி ஈரத்தோடு அடித்தால் இலை மடங்குமே தவிர உடையாது. மோட்டார் சைக்கிள் போய்வரும் வாசல் பாதையில் இரண்டு நாள் பரப்பி விட்டாலும் தானாக நொறுங்கும். புல்லு வெட்டும் மெஷின் வைத்திருக்கிறவர்கள் ஒரு பழைய பீப்பாய்க்குள் சருகைப் போட்டு மெஷினின் நூல் பக்கத்தை உள்ளே விட்டுச் சுழற்றலாம், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். விரல் நகம் அளவிலிருந்து தீப்பெட்டி அளவு வரைக்கும் கலந்து வந்தால் காணும், மாத் தூளாக்க வேண்டாம், தூள் ஈரத்தில் பிசைந்து தட்டையாகிவிடும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். என் வளவில் பத்துச் சாக்கு சருகை நொறுக்கினால் மூன்று சாக்குக்குக் கொஞ்சம் மேலே வரும். பத்தடிக்கு நாலடிப் பாத்திக்கு மூன்று அங்குலம் போட வேண்டுமென்றால் நொறுக்கியது நாலு சாக்கு, அதாவது பன்னிரண்டு சாக்கு சருகு. நிறைய என்று தோன்றும், ஆனால் பத்து நாள் கூட்டலில் வந்துவிடும்.

போடுவதற்கு முதல் நாள் பின்னேரம் பாத்தியை நன்றாக நனையுங்கள். தெளிக்கிற நனைச்சல் இல்லை, ஒரு சாண் ஆழம் ஈரம் இறங்க வேண்டும், கையால் தோண்டிப் பாருங்கள். புல்லைப் பிடுங்குங்கள், முக்கியமாகக் கோரையைக் கிழங்கோடு, ஏனென்றால் மற்றப் புல் பெரும்பாலும் மூடாக்குக்குக் கீழே வெளிச்சமில்லாமல் சாகும், கோரை ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு மேலே வரும். பசளை ஏதும் போடுவதென்றால் இப்போதே மண்ணில், சருகுக்குக் கீழே. பிறகு சருகைப் பரப்புங்கள். மரக்கறிக்கு இரண்டு மூன்று அங்குலம், மா, எலுமிச்சை, தோடைக்கு நாலு அங்குலம். செடித் தண்டைச் சுற்றி நாலு விரல் இடைவெளி விடுங்கள், ஈரச் சருகு தண்டில் ஒட்டிக்கிடந்தால் தோல் அழுகும். மேலே ஒரு வாளி தண்ணீரைத் தெளித்து விட்டால் அமர்ந்துவிடும்.

சருகைக் கொத்தி மண்ணோடு கலந்துவிடாதீர்கள். காய்ந்த இலையில் காபன் கூட, நைதரசன் குறைவு, ஐம்பதுக்கு ஒன்று அதற்கு மேலும் இருக்கும். அதை மண்ணுக்குள் புதைத்தால் மக்க வைக்கிற நுண்ணுயிர்கள் தங்களுக்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், கத்தரி மஞ்சளடிக்கும். மேலே கிடந்தால் இந்தக் கரைச்சல் மண்ணின் மேல் தோலோடு முடிந்துவிடும். எல்லாப் பயிருக்கும் இது ஒத்து வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கத்தரி, வெண்டி, மிளகாய், தக்காளி, பயற்றை, பாகல், இஞ்சி, மஞ்சள் எல்லாம் விரும்பும். கீரை விதை சின்னது, மேலே சருகு கிடந்தால் எழும்பாது, முளைத்து ஒரு சாண் வந்த பிறகு இடையில் போடலாம். நாற்று நட்ட அன்றைக்கே போடாமல் ஒரு கிழமை விட்டு, புது இலை விட்ட பிறகு போடுங்கள்.

தென்னைக்குக் கொஞ்சம் வேறு மாதிரி. மரத்திலிருந்து ஆறடி வட்டத்துக்குள்தான் பசளை போடுவோம், அந்த வட்டத்தை மூடினால் போதும், ஆனால் அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி வெறுமையாக விடுங்கள். இளந்தென்னையில் செவ்வண்டு துளைத்தால் அடியில் சாறு வடியும், சக்கை தள்ளும், சருகு மூடிக் கிடந்தால் அதைக் காணமாட்டீர்கள். சருகுக்கு மேலே காய்ந்த தென்னோலையையும் பொச்சு மட்டையையும் குப்புற அடுக்கினால் இரண்டு வருஷம் அசையாது.

காற்றை மறந்துவிட்டேனே. கச்சான் காற்றுக்கு நொறுக்கிய சருகு ஒரு பொருட்டே இல்லை, பின்னேரத்துக்குள் அடுத்த வளவுக்குப் போய்விடும், அங்கே மாமி அதையும் கூட்டி எரிப்பா. முதல் வருஷம் அவ வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “மறுகா என்ன மனே, கத்தரிக்குப் பாய் விரிக்கிறியா, தலகணியும் வைக்கிறதுதானே” என்று கேட்டா. (இப்போது அவவின் பாத்திக்கும் என் சாக்குதான் போகிறது.) காற்றுக்கு நான் கண்டுபிடித்த முதல் வழி, கரையில் கிடந்த பழைய வலைத்துண்டைக் கொண்டுவந்து பாத்திமேல் விரித்து ஆப்பு அடித்தது. சருகு அசையவில்லைதான். மூன்றாம் நாள் காலையில் ஒரு சாரைப்பாம்பு கழுத்தில் வலை இறுகிக் கிடந்தது. கத்தரிக்கோலால் ஒவ்வொரு கண்ணாக வெட்டி எடுக்க முக்கால் மணி நேரம் எடுத்தது, அது கடிக்க வரவில்லை, களைத்துப்போய் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்துக்கொண்டே கிடந்தது. எலியைப் பிடிக்கிற பாம்பு அது. அன்றைக்கே வலையைச் சுருட்டி எறிந்தேன். இப்போது செடி வரிசைக்கு இடையில் பழைய கிடுகையோ தென்னோலையையோ நீளத்துக்குப் போட்டுவிடுகிறேன், அதன் கனத்துக்கே சருகு அடங்கிவிடும். கோழி கிண்டுவதற்கும் இதே மருந்து, அடங்காத கோழியென்றால் எலுமிச்சை முள்ளுக் கொப்பு இரண்டை மேலே போடுங்கள்.

பாம்பென்றதும் ஒன்று. குவித்து வைத்த சருகுக்குள் வெறுங்கையை விடாதீர்கள். கடலோரக் காய்ந்த மணல் சுருட்டை விரியனுக்குப் பிடித்த இடம், சருகு நிறத்திலேயே இருக்கும், தேளும் இருக்கும். தடியால் தட்டிவிட்டு, மண்வெட்டியால் புரட்டிவிட்டுத்தான் கடகத்தில் அள்ளுவது. வீட்டுச் சுவரோடு குவிக்கவும் வேண்டாம்.

கறையான் வரும். காய்ந்த சருகு அதற்குச் சாப்பாடு, அதைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரை கவலையில்லை, ஆனால் சருகு தீர்ந்து மண்ணும் காய்ந்துவிட்டால் நாற்றுத் தண்டில் கை வைக்கும். மூடாக்கை ஈரமாக வைத்திருந்தால் கறையான் கட்டுக்குள் இருக்கும், நாலு விரல் இடைவெளி இங்கேயும் உதவும், வேப்பஞ்சருகு கலந்த பாத்தியில் எனக்குக் கறையான் குறைவாகத்தான் வந்தது.

தண்ணீர் ஊற்றுவது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். சருகுக்கு மேலாலேயே ஊற்றுங்கள், மெதுவாக. நான் முன்பு காலை மாலை இரண்டு நேரமும் ஊற்றிய பாத்திக்கு இப்போது ஒன்றுவிட்ட ஒருநாள் காணும். நம்பிக்கை இல்லையென்றால் மத்தியானம் வெறுங்காலோடு வெறும் மணலில் நின்று பாருங்கள், நிற்க முடியாது, பிறகு மூடாக்கை விலக்கி அதே காலை வையுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் மூன்று அங்குலம் ஒரு அங்குலமாகிவிடும். கீழ்ப்பக்கம் கறுத்து, வெள்ளை நூல் ஓடியிருக்கும், அது பூஞ்சணம், பயப்பட ஒன்றுமில்லை, அதுதான் வேலைக்காரன். மேலே புதுச் சருகு போட்டுக்கொண்டே போங்கள்.

ஐப்பசி கடைசியில் மாரி இறங்கியதும் கதை மாறும். அப்போது மூடாக்கு தேவையில்லை, மண் ஏற்கனவே ஊறிக் கிடக்கும், சருகுக்குக் கீழே நத்தை குடியிருந்து இரவில் ஏறி நாற்றைத் தின்னும். பாத்தியிலிருந்து சருகை வாரி எடுத்துக் குவித்துவிடுங்கள், இந்த மழையைத்தான் மக்க வைப்பதற்குப் பயன்படுத்த வேண்டும். கச்சான் காலத்தில் சேர்த்த மிச்சச் சாக்குகளையும் இதில் கொட்டலாம். பலா நிழலில், வெள்ளம் நிற்காத மேட்டில், மூன்றடிக்கு மூன்றடி கதியால் நட்டுக் கிடுகு சுற்றுங்கள். கீழே கொப்புக் குச்சி, மேலே ஒரு சாணுக்குச் சருகு, அதன்மேல் கிளிசெறியாப் பச்சை இலை ஒரு கடகம், மாட்டுச்சாணிக் கரைசல் ஒரு வாளி, மறுபடி சருகு. பச்சை இலை போடாவிட்டாலும் மக்கும், நாள் எடுக்கும். கையில் ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் மேலே ஓலையால் மூடுங்கள், ஒன்றுமே வராவிட்டால் ஊற்றுங்கள். மாதம் ஒருதரம் புரட்டுங்கள், புரட்டும்போது பெருவிரல் மொத்தத்தில் வெள்ளைப் புழு வளைந்து கிடந்தால் அது தென்னையைத் துளைக்கிற கருவண்டின் குஞ்சாக இருக்கும், பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள், கோழிகள் அடிபட்டுக்கொண்டு தின்னும்.

பொங்கல் கழிந்து மழை ஓயும்போது அடிப்பக்கத்தைத் தோண்டிப் பாருங்கள். வேப்பிலையும் கிளிசெறியாவும் இருந்த இடமே தெரியாது, மாவிலை கறுத்து, கையில் கசக்கினால் பொடிந்து, மழை பெய்த காட்டு மணம் வரும். மண் இன்னும் ஈரமாக இருக்கும் இந்த நேரம்தான் பாத்தியை மறுபடி மூடுவதற்குச் சரியான நேரம், மாசி பங்குனி வரை தள்ளிப் போட்டால் அந்த ஈரத்தை நாங்களே ஊற்றித்தான் கொண்டுவர வேண்டியிருக்கும். பொடிந்ததைச் சல்லடையில் அரித்து, அரைக்கு அரை மணலோடு கலந்து மிளகாய் நாற்றுமேடைக்குப் போடுவேன். சல்லடையில் தங்கும் மாவிலை நடுநரம்பும் பலாக் காம்பும் அடுத்த குவியலுக்கு அடியில் போகும்.